மஞ்சளும் நீலமும் ஒரே வெளிச்சமா?

“ஆண்டின் நிறம் என்று அறிவிக்கிறார்களே, அதை எடுத்து என் வலைத்தளத்துக்குப் போட்டேன். மாதிரிச் சதுரத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. பட்டன் மேல் வெள்ளை எழுத்தை வைத்ததும் படிக்கவே முடியவில்லை. நிறத்தில் கோளாறா, என் கண்ணில் கோளாறா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஒரு நிறத்தை ரசிப்பதும் ஓர் எழுத்தைப் படிப்பதும் மூளைக்குத் தனித்தனி வேலைகள் என்பதுதான் விஷயம்.

அடிப்படை நமக்குத் தெரிந்ததுதான். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குட்டி விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் அளவு. விழித்திரையிலும் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு. நீண்ட, நடுத்தர, குறுகிய அலைநீளங்களுக்கு ஒவ்வொரு வகை. பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

கூம்புகள் தரும் மூன்று செய்திகளும் அப்படியே மூளைக்குப் போவதில்லை. விழித்திரையிலேயே ஒரு கூட்டல் கழித்தல் நடக்கிறது. நீண்ட அலைக் கூம்பையும் நடுத்தர அலைக் கூம்பையும் கூட்டினால் ‘எவ்வளவு வெளிச்சம்’ என்ற செய்தி கிடைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் ‘சிவப்பா, பச்சையா’ என்பது தெரியும். மூன்றாவது பாதை ‘நீலமா, மஞ்சளா’ என்று பார்க்கிறது. இவற்றில் நுணுக்கமான விளிம்புகளைப் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்சப் பாதைதான். நிறப் பாதைகள் இரண்டும் மொத்தையானவை. கூரான பென்சிலால் படம் வரைந்துவிட்டு, தடித்த தூரிகையால் வண்ணம் அடித்தது போலத்தான் நாம் உலகைப் பார்க்கிறோம். இணையத்தில் நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை வெளிச்சத் தகவலை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத் தகவலின் நுணுக்கத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகின்றன. நம் கண்ணுக்கு அது உறைப்பதே இல்லை.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த ‘சூரிய உதயம்’ ஓவியத்தில் சாம்பல் நீல வானத்தில் ஒரு ஆரஞ்சு வட்டம் தகதகவென்று மிதக்கும். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடும். சூரியனுக்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். நிறப் பாதை ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்கிறது, வெளிச்சப் பாதை ‘எதுவும் இல்லை’ என்கிறது. அந்த இழுபறியில்தான் சூரியன் துடிப்பது போலத் தோன்றுகிறது. ஓவியத்தில் இது அற்புதம். பச்சைப் பின்னணியில் அதே வெளிச்சமுள்ள சிவப்பு எழுத்தைப் பத்து வரி படிப்பதோ வேதனை.

வெளிச்சத்துக்கு மூன்று விளக்குகளும் சமமாகப் பங்களிப்பதும் இல்லை. வெள்ளைத் திரையின் வெளிச்சத்தை 100 என்று வைத்தால் பச்சை சுமார் 71.5, சிவப்பு 21.3, நீலம் வெறும் 7.2. குறுகிய அலைக் கூம்புகள் எண்ணிக்கையில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பார்வையின் நடு மையத்தில் அவை இல்லவே இல்லை. வெளிச்சப் பாதைக்கு அவை தருவதும் மிகச் சொற்பம். சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சளுக்கு 93, முழு நீலத்துக்கு 7! ஆனால் நிறம், செறிவு, வெளிச்சம் என்ற மூன்று எண்களால் நிறத்தைக் குறிக்க, பல வடிவமைப்புக் கருவிகளில் உள்ள ஹெச்எஸ்எல் முறையைக் கேட்டால் இரண்டுக்கும் ‘வெளிச்சம் 50 சதவீதம்’ என்றே சொல்லும். அந்த எண்ணை நம்பி நிறத் தட்டு, அதாவது தளத்துக்கான நிறத் தொகுப்பு, அமைத்தவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

சரி, வாசகரின் நிறத்துக்கு வருவோம். ஆண்டின் நிறத்தை அறிவிக்கும் பான்டோன் நிறுவனம் 2024-க்கு அறிவித்த ‘பீச் ஃபஸ்’ என்ற பீச் பழ நிறத்தை எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போட்டால் அதன் வெளிச்சம் சுமார் 60. எழுத்து தெளிவாகப் படிக்க வருகிறதா என்று பார்க்க இணையத் தரநிலை சொல்லும் விதி எளிது: இரண்டு வெளிச்சங்களையும் 0 முதல் 1 வரையிலான அளவில் எழுதி, இரண்டோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். சாதாரண எழுத்துக்கு விடை குறைந்தது 4.5 வர வேண்டும். பீச் மேல் வெள்ளை எழுத்துக்கு 1.05-ஐ 0.65-ஆல் வகுத்தால் 1.6தான் வருகிறது. அதே பீச் மேல் கறுப்பு எழுத்துக்கு 13.

இந்தக் கணக்குகளின் அடித்தளத்தில் இருப்பவர்கள் 17 பேர். 1920-களில் பிரிட்டனில் ரைட், கில்டு என்ற இரு ஆய்வாளர்கள் முறையே 10 பேரையும் 7 பேரையும் உட்காரவைத்து, காட்டிய நிறத்தோடு ஒத்துப்போகும்வரை ஒளிகளைக் கலந்து கலந்து பொருத்தச் சொன்னார்கள். அந்த அளவீடுகளிலிருந்து வந்ததுதான் 1931-இன் சர்வதேச நிறத் தரநிலை. இன்றைய திரைகளும் அந்த மொழியில்தான் பேசுகின்றன. அன்று வலைத்தளம் என்ற சொல்லே கிடையாது. ‘இதனால் உடனே என்ன பயன்’ என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்குப் பணம் மறுப்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இன்னொரு பக்கம், ‘நீலம் போட்டால் நம்பிக்கை வரும், சிவப்பு போட்டால் விற்பனை கூடும்’ என்று உறுதியாக விற்கப்படும் சூத்திரங்கள். நிறத்தின் உணர்வு இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும். அவற்றை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே நிறத் தட்டு அமைக்கும்போது முதலில் சாம்பல் நிறத்திலேயே ஐந்தாறு படிகள் போடுங்கள்: பின்னணி, பெட்டி, கோடு, பட்டன், எழுத்து. எல்லாம் தெளிவாகப் பிரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிறம் ஏற்றுங்கள். இதற்கு ஓகேஎல்சிஹெச் என்ற, நிறங்களை எண்களால் குறிக்கும் முறை வசதி. பியோர்ன் ஒட்டோசன் 2020-இல் வெளியிட்ட ஓகேலேப் நிறவெளியிலிருந்து வந்தது. இன்றைய உலாவிகளில் நேரடியாக எழுதலாம். அதில் வெளிச்சம், செறிவு, நிறக்கோணம் (சிவப்பா, நீலமா என்பதைச் சொல்வது) தனித்தனி எண்கள். வெளிச்ச எண் நம் கண்ணோடு பெருமளவு ஒத்துப்போகும். எல்லா நிறமும் எல்லாப் படியிலும் உட்காராது. மஞ்சளின் வெளிச்சத்தைக் குறைத்தால் பாசி நிறமாகிவிடும், நீலத்தைக் கூட்டினால் வெளிறிவிடும்.

கேள்வி கேட்டவர் பீச் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. அது பட்டனிலேயே இருக்கட்டும், எழுத்தை மட்டும் அடர் பழுப்பாக்குங்கள். அடுத்த ஆண்டு வேறு நிறம் அறிவித்தால் நிறக்கோணத்தையும் செறிவையும் திருத்தி, 4.5 வருகிறதா என்று ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.