சுவின்: கோயம்புத்தூரில் பிறந்த நீள இழை

வெடித்த பருத்தியிலிருந்து ஒரே ஒரு கொட்டையை எடுத்து, அதைச் சுற்றியுள்ள பஞ்சை இரண்டு பக்கமும் விரலால் மெல்லக் கோதிவிடுங்கள். பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருக்கும். அந்தச் சிறகு எவ்வளவு நீளமோ அவ்வளவு விலை. நாம் அதிகம் பார்க்கும் ரகங்களில் 28, 30 மில்லிமீட்டரில் நின்றுவிடும். சுவின் என்ற பருத்தி ரகத்தில் 35-ஐத் தாண்டும்.

ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல்தான். பூ மலரும் நாளில் கொட்டையின் தோலில் முளைத்து, சுமார் மூன்று வாரம் நீண்டுகொண்டே போகும். அதற்குள்ளேயே செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படியத் தொடங்கி, இழை கெட்டிப்படும். காய் வெடித்ததும் அது காய்ந்து, தட்டையாகி, தானாக முறுக்கிக்கொள்ளும். இந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகின்றன. இழை நீளமானால் பிடிமானமும் கூடும். கொஞ்சம் இழைகளை வைத்தே மெல்லிய, பிசிறில்லாத நூல் நூற்கலாம். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது; சுவினில் 120-ஆம் நம்பர் நூல் வரும். ஒரு கிலோ நூலைப் பிரித்தால் 200 கிலோமீட்டருக்கு மேல் போகும்!

சரி, இது எங்கிருந்து வந்தது? இந்தப் பருத்தி இனத்தின் தாய்வீடு தென் அமெரிக்காவின் பெரு, ஈக்வடார் பக்கம். அங்கிருந்து ஒரு கிளை கரீபியன் தீவுகளுக்குப் போனது. இன்னொன்று எகிப்தில் பேர் வாங்கியது. எகிப்திய ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த சுஜாதாவையும், கரீபியனின் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கோயம்புத்தூரில் இனக்கலப்பு செய்தார்கள். 1974-இல் சுவின் பிறந்தது. பெயரிலேயே அப்பா அம்மா இருவரும் இருக்கிறார்கள். எப்போதோ பிரிந்த உறவு நம் ஊர் மண்ணில் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் அரவையிலும் கவனம் வேண்டும். ரம்பப் பல் வைத்த ஜின்னில் (அரவை இயந்திரத்தில்) போட்டால் நீள இழை அறுந்துவிடும். உருளை வைத்த ரோலர் ஜின்தான் சரி. வேறு பஞ்சு கலந்துவிட்டால் மெல்லிய நூலுக்கு ஆகாது.

சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் இதைப் பயிரிட்டார்கள். காய் சிறியது, வயலில் நாள் கூடுதல், எடுக்கக் கூலி அதிகம். வீரிய ஒட்டுரகம் போட்ட பக்கத்துத் தோட்டத்தில் விளைச்சல் கூட வரும்போது, சுவின் போட்டவருக்கு அந்தக் குறையையும் ஈடுகட்டும் விலை கையில் கிடைத்தாக வேண்டும். அது கிடைக்காத வருஷங்களில்தான் பலரும் விதையை மாற்றினார்கள்.