சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல

நான் ஒடியோலொஜிஸ்ட், கேட்டலைச் சோதித்துக் காது மிஷின் பொருத்துகிறவள். பார்சலில் வந்த மிஷினோடு இந்த மாதத்தில் என் கிளினிக்குக்கு வந்தவர்களில் இவர் நாலாவது ஆள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோலர் ஓடும் இடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்று ஓய்வு பெற்றவர். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் போனில் விளம்பரம் பார்த்து, ஒரு ஜோடி காது மிஷின் வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறார். ஐயா அறைக்குள் நுழையும்போதே மிஷின் ‘கீ’ என்று கத்துகிறது. அது அவருக்குக் கேட்கவில்லை. கூட வந்த மருமகள்தான் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறார்.

“எப்படி ஐயா, கேக்குதா?”

“சத்தம் நல்லா கேக்குதுங்க மிஸ். பேச்சுதான் வெளங்கல.”

கழற்றிப் பார்த்தேன். சிலிக்கோன் முனையில் மஞ்சள் ஈரம். வலது காதில் குறும்பி கல்லாக இறுகிக் கிடந்தது. மிஷின் முனை அதை இன்னும் உள்ளே தள்ளியிருந்ததால் செவிப்பறை கண்ணுக்கே தெரியவில்லை. இடது காதில் செவிப்பறையில் ஓட்டை, சீழ். வெளியே வர வேண்டிய சீழை இரண்டு மாதமாக அடைத்து வைத்திருந்திருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் ஒருவர்கூட அவர் காதுக்குள் லைட் அடித்துப் பார்க்கவில்லை. என் கோபம் முழுக்க அதுதான்.

ஈ.என்.டி. டொக்டர் குறும்பியை எடுத்து, சீழுக்கு மருந்து கொடுத்து, காது காய்ந்த பிறகு ஒடியோகிராம் எடுத்தோம். எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் கோட்டுப்படம் அது. வலது காதில் தாழ்ந்த ஒலிகள் கிட்டத்தட்ட நல்லபடியே கேட்டன. 2000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் கோடு மலைச்சரிவு மாதிரி விழுந்தது. 4000-இல் 70 டெசிபெல் சத்தம் வைத்தால்தான் கேட்டது. வருஷக்கணக்காக மெஷின் இரைச்சலில் நின்றவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் படம்.

இங்கேதான் ஒரு விஷயத்தை எத்தனை தரம் வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன். காது மிஷின் சத்தத்தைக் கூட்டும் பெட்டி இல்லை. தமிழில் உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில், பலமாக வருகின்றன. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய மெய்யொலிகளில் பெரும்பாலானவை உயர்ந்த அலைவரிசையில் வருகின்றன. அந்த ஐயாவுக்குக் கடை, படை, தடை, சடை நாலும் ஒரே சொல்தான். அவருக்கு ‘அடை’ கேட்கிறது. முன்னால் வந்தது என்னவென்று தெரியாது. பார்சலில் வந்த மிஷின், ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளையும் சேர்த்துக் கூட்டுகிறது. தகரக் கூரையில் மழை, வளைவில் ஏறும் பஸ், பக்கத்துக் காம்பராவின் டிவி எல்லாம் இடி மாதிரி வந்து, இருந்த கொஞ்சப் பேச்சையும் மூடிவிடுகிறது. ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தானே கூடும்? “இன்னும் பவர் கூடினது வாங்கட்டுமா மிஸ்?” என்று கேட்கும் மகன்மாருக்கு இதுதான் என் பதில். தேவையான இடத்தில் மட்டும், தேவையான அளவு கூட்ட வேண்டும். அந்த அளவு ஆளுக்கு ஆள், காதுக்குக் காது வேறு.

‘அமெரிக்காவில் டொக்டர் இல்லாமலே வாங்குகிறார்களே’ என்பார்கள். உண்மைதான். 2022 ஒக்டோபர் 17 முதல் அங்கே 18 வயது நிரம்பியவர்கள், கேட்டல் குறைவு இலேசானது அல்லது நடுத்தரமானது என்று தாங்களே உணர்ந்தால் கடையில் நேராக வாங்கலாம். அவற்றில் ஒரு வகை, நாமே பொருத்திக்கொள்ளும் மிஷின். போன் செயலி காதுக்குள் சின்னச் சின்ன ஒலிகளை அனுப்பி, எது கேட்கிறது என்று நம்மிடமே கேட்டு, அதற்கேற்ப அளவை வைத்துக்கொள்கிறது. நல்ல கண்டுபிடிப்பு, நான் எதிரி இல்லை. வெளிவரும் சத்தத்துக்கு அந்த விதி உச்சவரம்பும் வைத்திருக்கிறது: 111 டெசிபெல், பெரிய சத்தத்தைத் தானே அடக்கும் வசதி இருந்தால் 117. நம் பார்சல் பெட்டிகளில் அப்படி ஓர் எண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. அவை வெறுமனே சத்தத்தைக் கூட்டும் பெட்டிகள். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் ஏமாறுகிறோம்.

2017-இல் வெளிவந்த இந்தியானா பல்கலைக்கழக ஆய்வில் 154 பேருக்கு ஒரே தரமான மிஷின்தான். ஒரு பிரிவினருக்கு ஒடியோலொஜிஸ்ட் பொருத்தினார், இன்னொரு பிரிவினர் தாங்களே தெரிவுசெய்தார்கள். தாங்களே தெரிவுசெய்தவர்களுக்கும் நல்ல பயன் இருந்தது. ஆனால் திருப்தி குறைவு, வாங்கி வைத்துக்கொள்ள விரும்பியவர்களும் குறைவு. இதை எடுத்துக் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த 154 பேருக்கும் ஆய்வில் சேர்க்கும் முன்பே கேட்டலைப் பரிசோதித்திருந்தார்கள். நம் ஐயாவை அந்த ஆய்வில் சேர்த்திருக்கவே மாட்டார்கள்.

இன்னொன்று, செயலியின் பரிசோதனைக்கு அமைதியான இடம் வேண்டும். சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் அமைதியான அரை மணி நேரம் எப்போது கிடைக்கிறது? மொழி ஆங்கிலமாக இருந்தால் பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறான். அப்படி எடுத்தால் பதிவாவது பேரனின் காது.

நாங்கள் பொருத்தும்போது ஒடியோகிராமைக் கணினியில் போட்டுவிட்டு விடுவதில்லை. வசதியுள்ள இடத்தில் நூல் மாதிரி மெல்லிய குழாயைக் காதுக்குள் வைத்து, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளப்போம். தேவையானால் காதுக்கு அச்செடுத்து மோல்ட் செய்வோம். ‘கீ’ சத்தம் பாதி அதிலேயே நின்றுவிடும். பிறகு இரண்டு மூன்று தரம் வரச்சொல்லி, வீட்டில் எது தொந்தரவென்று கேட்டுக் கேட்டுத் திருத்துவோம். மிஷினின் விலையில் பாதி இந்தத் திருத்தத்துக்குத்தான் என்றே சொல்வேன்.

காதில் சீழ், வலி, தலைசுற்றல், ஒரு காது மட்டும் மந்தம், ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தால் மிஷின் பேச்சே வேண்டாம், முதலில் ஈ.என்.டி. கிளினிக். நேற்று கேட்ட காது இன்று கேட்கவில்லையென்றால் அன்றைக்கே போங்கள். சில நாட்களுக்குள் ஸ்டீரோய்ட் தொடங்கினால் மீளும் வாய்ப்பு அதிகம். “சளியாக இருக்கும்” என்று மாதம் கடத்தாதீர்கள். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றாதீர்கள். கோழி இறகு, ஊக்கு எதையும் உள்ளே விடாதீர்கள். பாட்டி இறந்த பிறகு அவர் மிஷினைத் தாத்தாவுக்கு மாட்டிவிடாதீர்கள். பற்றரியைப் பிள்ளைகள் விழுங்கினால் ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள். நம் ஊர்ப் பனியில் மிஷினுக்குள் ஈரம் கோர்க்கும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். அடுப்பங்கரையில் காய வைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு மட்டும், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், எந்த மிஷினையும் நீங்களாக வாங்கி மாட்டாதீர்கள்.

கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போகும், பஸ் செலவு வேறு, தெரியும். அதனால்தான் பார்சல் இலேசாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஐயாவின் மிஷின் அவருடைய சேமலாப நிதிக் காசில் வந்தது. இப்போது அது மேசை லாச்சியில் கிடக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், திட்டுவேன் என்று பயந்து ஒளித்து வைக்க வேண்டாம். பெட்டியோடு எடுத்து வாருங்கள். திருத்தக்கூடிய மிஷினாக இருந்தால் அதையே திருத்திப் பார்ப்போம். காதைப் பார்த்த பிறகு.