வீட்டை உடைத்த கல்லும் மண்ணும் எங்கே போகிறது? சட்டம் 672 பற்றி ஒரு விளக்கம்

கோலாலம்பூர் செந்தூலில் பழைய வீடு ஒன்றில் சமையலறையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடைத்த செங்கல், பெயர்த்த டைல், சிமெண்டுச் சாக்கு, கழற்றிப் போட்ட சிங்க் என்று நான்கே நாளில் வாசல் நிரம்பிவிடும். "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் அண்ணே, லோரி காசு மட்டும் தனியா குடுத்துடுங்க" என்பார் குத்தகையாளர். லோரி இருட்டிய பிறகு வரும், போகும். எங்கே போகிறது என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம், அதாவது சட்டம் 672, கோலாலம்பூரில் 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதில் 'கட்டுமானத் திடக்கழிவு' என்று ஒரு தனி வகை உண்டு. நாற்பது மாடிக் கட்டடம் எழுப்புபவர்களுக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கட்டுவது, இடிப்பது இரண்டோடு, பழுது பார்ப்பது, மாற்றியமைப்பது, மேம்படுத்துவது, அதற்கான முன்வேலை எல்லாவற்றிலும் வரும் கழிவும் அந்த வகைதான். உங்கள் வீட்டு ரெனோவேஷன் நேராக இதற்குள் வந்துவிடுகிறது.

இந்தக் கழிவை உரிமம் பெற்றவர்தான் எடுக்கலாம், உரிமம் பெற்ற இடத்தில்தான் கொட்டலாம். வீட்டுக் குப்பைக்கு வரும் லோரி இதை ஏற்றாது. ஆற்றோரத்திலோ காலி நிலத்திலோ கொட்டிப் பிடிபட்டால் அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 வரை போகும். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். ஒரு லோரி கல்லுக்கு இது பெரிய விலை. அமலாக்கம், திடக்கழிவுக்கான அரசாங்க நிறுவனமான எஸ்டபிள்யூ கார்ப் கையில் இருக்கிறது. ரெனோவேஷனுக்கான பெர்மிட் மட்டும் மாநகர் மன்றத்தில் எடுப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அலைபவர்கள் நிறைய.

செந்தூலிலிருந்து பத்துமலைப் பக்கம் போனால் எல்லை தாண்டி சிலாங்கூர். அங்கே சட்டம் 672 நடப்பில் இல்லை. பினாங்கிலும் பேராக்கிலும் அப்படித்தான். அதனால் அங்கே கொட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கேயும் ஊராட்சி மன்றம் சம்மன் எழுதும். பினாங்குத் தீவில் கட்டுமானக் கழிவும் தோட்டக் கழிவும் பல காலமாகப் போய்ச் சேர்ந்தது ஜெலுத்தோங் குப்பைமேட்டுக்கு. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்தபோது, அக்கம்பக்கத்துக் குடியிருப்புகள் புகையில் தவித்தன.

பழைய வீடுகளில் இன்னொரு ஆபத்து மேலே இருக்கிறது. கூரையிலோ சீலிங்கிலோ அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அது சாதாரணக் கட்டுமானக் கழிவு இல்லை. சுற்றுச்சூழல் துறையின் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது எஸ்டபிள்யூ 201 என்ற குறியீடுள்ள அபாயக் கழிவு. சுத்தியலால் தட்டி நொறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலுக்குள் போகும். நனைத்து, உடையாமல், முழுத் தகடாகக் கழற்றி, தனியாகக் கட்டி வைக்க வேண்டும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறும் பையன்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தத் துண்டு நாரைத் தடுக்காது.

சரி, 'பசுமைக் கட்டடம்' என்று ஏதோ சலுகை இருக்கிறதாமே என்று கேட்பவர்களுக்கு: 2009இல் வந்த கிரீன் பில்டிங் இண்டெக்ஸ் என்ற பசுமைக் கட்டடத் தரச் சான்றிதழ் பெற்ற வீட்டை மேம்பாட்டாளரிடம் வாங்கியவர்களுக்கு முத்திரை வரி விலக்கு இருந்தது. அதுவும் சான்றிதழுக்காகக் கூடுதலாக ஆன செலவின் மீது மட்டும். 2014 டிசம்பர் 31க்குள் கையெழுத்தான ஒப்பந்தங்களோடு அது முடிந்துவிட்டது. இன்னமும் அதைச் சொல்லி வீடு விற்கிறவர் இருந்தால் தேதியைக் கேளுங்கள். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி தரும் கிரீன் கார்டுக்கு, பெயரில் 'கிரீன்' இருந்தாலும், சுற்றுச்சூழலோடு சம்பந்தமில்லை. அது சைட்டில் வேலை செய்பவருக்கான பதிவு அட்டை, பாதுகாப்புப் பயிற்சிக்குப் பிறகு கிடைப்பது.

ஆக, சின்னக் குத்தகையாளருக்கு அரசாங்கம் கையில் காசு வைக்கப் போவதில்லை. மிச்சம் பிடிக்க வழி சைட்டிலேயே இருக்கிறது. உடைத்த செங்கல்லையும் கான்கிரீட்டையும் முதல் நாளிலிருந்தே தனியாகக் குவித்தால், பின்பக்கத் தளத்துக்கு அடியில் போட்டு இடித்து நிரப்பலாம். அதில் ஜிப்சம் தகடும் பிளாஸ்டிக்கும் கலந்துவிட்டால் மொத்தமும் குப்பை, மொத்தத்துக்கும் லோரி. கம்பி, குழாய், பழைய கிரில் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. அட்டைப்பெட்டிக்கு இருக்கவே இருக்கிறது, 'சுராட் காபார் லாமா' (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தாமானுக்குள் வரும் லோரி.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது கொட்டேஷனைப் பார்க்கும்போதே. 'குப்பை அகற்றுதல்' என்று ஒற்றை வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். யார் எடுக்கிறார், அவர் உரிமத்தின் நகல் எங்கே, எந்த இடத்தில் கொட்டுகிறார் என்று எழுதி வாங்குங்கள். கொட்டிய இடத்தில் தரும் ரசீதையும் கேளுங்கள். கடைசித் தவணைப் பணம், அந்த ரசீது கைக்கு வந்த பிறகு.