சுற்றும் தண்ணீரில் பொரியும் கெண்டைக் குஞ்சுகள்

மழைக்காலத்தில் பிள்ளைகளோடு மீன் குஞ்சுப் பண்ணைக்குப் போனால், முதலில் கண்ணில் படுவது ஒரு வட்டத் தொட்டி. அதில் தண்ணீர் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே மீன் ஒன்றையும் காணோமே என்று பிள்ளைகள் நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். அந்தச் சுழற்சிதான் முழுப் பண்ணையையும் நடத்துகிறது.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கெண்டை இனத்து ஆற்று மீன்கள். குளத்தில் நன்றாகக் கொழுக்கும், சினையும் பிடிக்கும். முட்டை மட்டும் இடாது. அதற்குப் புதுவெள்ளம் வேண்டும். வெள்ளம் வராவிட்டால் சினை உடம்பிலேயே கரைந்துபோகும். முன்பெல்லாம் ஆற்றில் வலை கட்டிக் குஞ்சு பிடித்தார்கள். அதில் வேண்டாத மீன்களின் குஞ்சும் கலந்து வரும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் ஆராய்ச்சியாளர்கள் ஹிராலால் சவுத்ரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இப்போது பெரும்பாலும் ஓவாப்ரிம் போன்ற தயார் மருந்துதான். அதிலுள்ள ஒரு பொருள் பிட்யூட்டரியைத் தூண்டும்; இன்னொன்று அந்தச் சுரப்பியை அடக்கி வைக்கும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும். பெண் மீனுக்குக் கிலோவுக்கு 0.4 முதல் 0.5 மி.லி., ஆணுக்கு அதில் பாதி. ஆணை அடையாளம் காண நெஞ்சுத் துடுப்பின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் போதும்: உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். பெண்ணுடையது வழவழப்பாக இருக்கும். மாலையில் ஊசி போட்டால், நள்ளிரவு தாண்டி முட்டை விழும்.

விழுந்த முட்டை தண்ணீரை உறிஞ்சி 4, 5 மி.மீ. அளவுக்கு உப்பிவிடும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு காட்டச் சொல்லுங்கள். கரு கூடிய முட்டை வெந்த ஜவ்வரிசி போலக் கண்ணாடியாகத் தெரியும். கூடாதது வேகாத ஜவ்வரிசி போல வெளுத்துப்போகும்.

இந்த முட்டை தண்ணீரை விடக் கனமானது. தண்ணீர் நின்றால் அடியில் குவிந்து, பிராணவாயு கிடைக்காமல் செத்துவிடும். செத்ததில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். அதனால்தான் தொட்டியின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சிச் சுழற்றும் வாத்து அலகு வடிவக் குழாய்களை ஒரே திசையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வேகம் மிஞ்சினாலும் ஓடு கிழிந்து குஞ்சு குறையாக வெளிவரும். மின்சாரம் போனாலும் ஓட்டம் நிற்கக் கூடாது என்றுதான் மேல்நிலைத் தொட்டி.

28 டிகிரி வெப்பத்தில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். ஆபத்தான நேரமும் அதுதான். கழன்ற ஓடுகள் நடுவிலுள்ள வலையை அடைத்தால் நீர்மட்டம் ஏறிக் குஞ்சுகள் வழிந்து போகும். ஆள் நின்று வலையைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மாற்று வழி கிடையாது.

குஞ்சுக்கு மூன்று நாள், முட்டையிலிருந்து வயிற்றில் ஒட்டிவந்த கருவுணவிலேயே ஓடும். வாய் திறந்ததும் நாற்றங்கால் குளம், அதாவது குஞ்சுகளை முதலில் விட்டு வளர்க்கும் குளம். அங்கே முதல் எதிரி மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சி. குஞ்சைக் கவ்வி உறிஞ்சிவிடும். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பூச்சி என்பதால், குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள், காற்றில்லாத வேளையில், ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கரைத்துத் தெளிப்பார்கள். எண்ணெய்ப் படலம் பூச்சியின் மூச்சை அடைக்கும். காற்றடித்தால் படலம் ஒதுங்கி, வேலை வீண்.

குளத்து நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் துள்ளும் நுண்ணிய நீருயிர்கள்தான் குஞ்சின் சாப்பாடு. கையில் கொசுக் களிம்பு பூசியிருந்தால் மட்டும் தொட்டியில் விரலை விடாதீர்கள்.