ஊருணியின் அடிப்படியைக் காட்டும் கண்ணாடி

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒரே ஊருணி, ஒரே படித்துறை. அவர் கைப்பேசியில் எடுத்ததில் தண்ணீர் முழுக்க வெளிறிய வானம். அவருடைய நண்பர் கேமராவில் எடுத்ததில் தண்ணீருக்குள் மூழ்கிய மூன்று படிகள், அவற்றில் படிந்த பாசி, ஓரமாக ஒரு மீன்குஞ்சுக் கூட்டம். "இது எடிட்டிங்தானே சார்?" என்று கேட்கிறார்.

இல்லை. எடிட்டிங்கில் வானத்தைக் கருநீலமாக்கலாம், பச்சையைத் தூக்கிக் காட்டலாம். பளபளப்புக்கு அடியில் மறைந்துபோன படியை மீட்க முடியாது. புதிதாக ஒரு படியைக் கற்பனை செய்து ஒட்டலாம், அவ்வளவுதான். நண்பர் லென்ஸுக்கு முன்னால் போலரைசர் என்ற, வளையத்தோடு திருப்பக்கூடிய ஒரு வடிகட்டிக் கண்ணாடியை மாட்டியிருக்கிறார். மலை, பாலைவனம், கடற்கரை என்று சுற்றிப் படமெடுப்பவர்கள் பையில் வேறு ஃபில்டர் இல்லாவிட்டாலும் இது இருக்கும்.

ஒளி ஒரு குறுக்கலை என்பது பள்ளிப் பாடம். போகும் திசைக்குக் குறுக்கே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அது அதிரலாம். வெயிலில் எல்லாப் பக்க அதிர்வும் கலந்திருக்கும். ஒரே பக்க அதிர்வாக அது வடிகட்டப்படுவதைப் பாடநூல் தளவிளைவு என்கிறது. போலரைசர் ஒரு பக்க அதிர்வை உள்ளே விட்டு, அதற்குச் செங்குத்தான அதிர்வைத் தடுக்கும். சரி, இதற்கும் ஊருணிக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது. ஒளி தண்ணீரில் பட்டுத் தெறிக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் தண்ணீருக்குள் நுழையும் ஒளி அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான் தானே ஒளியை உமிழும். பிரதிபலிப்பு என்று நாம் பார்ப்பது, கோடானுகோடி எலக்ட்ரான்கள் சேர்ந்து மேலே திருப்பி அனுப்பும் ஒளி. அந்த எலக்ட்ரானுக்கு ஒரு குணம் உண்டு: தான் ஆடும் கோட்டின் திசையில் மட்டும் அது ஒளியை அனுப்பவே அனுப்பாது. வீட்டு ஊஞ்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவது தெரியும். நேர் எதிரே நின்று பார்த்தால் அது இடமோ வலமோ அசைவதில்லை. நம் பார்வைக்குக் குறுக்கே நடக்கும் ஆட்டம் மட்டும்தான் ஒளியாக வந்து சேரும்.

இப்போது தண்ணீரில் விழும் வான ஒளியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று நீர்ப்பரப்புக்கு இணையாக, கிடையாக அதிர்வது. இன்னொன்று மேலும் கீழுமாக அதிர்வது. கிடை அதிர்வு ஆட்டும் எலக்ட்ரான்கள் எப்போதும் நம் பார்வைக்குக் குறுக்கேதான் ஆடுகின்றன. அதனால் அந்த ஒளி தடையில்லாமல் திரும்பி வருகிறது. மற்றது அப்படியல்ல. உள்ளே விலகிப் போகும் கதிருக்குச் செங்குத்தாக அந்த எலக்ட்ரான்கள் ஆடுகின்றன. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் உள்ளே போகும் கதிரும் திரும்பி வரும் கதிரும் ஒன்றுக்கொன்று சரியாக 90 பாகையில் அமைந்துவிடும். அப்போது எலக்ட்ரான் ஆடும் கோடு நம் கண்ணை நோக்கியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் திசையில்தான் அது எதையும் அனுப்பாதே! ஆகவே அந்தக் கோணத்தில் வரும் பிரதிபலிப்பில் மிச்சமிருப்பது கிடை அதிர்வு மட்டும். வளையத்தைத் திருப்பி அதை அடைத்துவிட்டால் வானம் காணாமல் போகும். படியிலிருந்து வரும் ஒளியில் இரண்டு அதிர்வும் இருப்பதால் அதில் ஒரு பாதி லென்ஸுக்குள் வந்துவிடும்.

இந்தக் கோணத்தின் கணக்கை 1815இல் கண்டு சொன்னவர் டேவிட் புரூஸ்டர். கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு, பொருளின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமம். தண்ணீருக்கு அது 1.33, அதாவது செங்குத்திலிருந்து 53 பாகை. நடைமுறையில் பாகைமானி தேவையில்லை. தண்ணீர் மட்டத்திலிருந்து கேமரா எவ்வளவு உயரமோ, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். படித்துறையில் 9 அடி உயரத்தில் நின்றால் 12 அடி தள்ளியிருக்கும் தண்ணீர்தான் முழுதாகத் தெளியும். அதற்கு அப்பாலும் இப்பாலும் பளபளப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். காற்றடித்து அலை எழுந்தால், ஒவ்வொரு அலைச்சரிவும் ஒவ்வொரு கோணம் என்பதால் கணக்கு சிதறிவிடும்.

ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையில் இதைப் பார்ப்பது இன்னும் சுகம். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால் அவற்றுக்கு அந்த வழவழப்பு. எதிர் ஜன்னலின் வெளிச்சம் தரையில் விழுந்து பூ வேலைப்பாட்டை மூடியிருக்கும்போது வளையத்தைத் திருப்பினால், வெள்ளை மெல்ல வடிந்து சிவப்பும் பச்சையும் மேலே வரும். அதே அறையில் இருக்கும் பித்தளைக் குத்துவிளக்கின் மினுமினுப்போ அவ்வளவாக அசைந்து கொடுக்காது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் அணுவுக்குக் கட்டுப்படாமல் உலவுவதால் இரண்டு அதிர்வும் திரும்பி வந்துவிடும்.

இந்தச் சோதனையைக் கடலில் செய்து பார்த்தவர் நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன். கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்று இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது ராமன் போலரைசர் வேலையைச் செய்யும் நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, புரூஸ்டர் கோணத்தில் கடலைப் பார்த்து வானத்தின் பிரதிபலிப்பை அடைத்தார். நீலம் போகவில்லை, இன்னும் செழித்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் வாதிட்டார். சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்வது இன்னும் பெரிய காரணம் என்று இன்று தெரியும். ஆனால் அந்தக் கடலில் தொடங்கிய யோசனைதான் 1928இல் ராமன் விளைவில் போய் முடிந்தது.

பிப்ரவரி 28 வந்தால் பள்ளிகளில் ராமன் படத்துக்கு மாலை போட்டுப் பேச்சுப்போட்டி நடத்துகிறோம். ஒரு போலரைசர் தாளை மாணவர் கையில் கொடுத்துக் குளத்தங்கரைக்கு அனுப்பினால் எத்தனையோ மேல். ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது இன்னும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. காரைக்குடியில் 'சிக்ரி' என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எழுவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்த அழகப்பச் செட்டியார் மாதிரி ஆட்களை எண்ணிப் பெருமூச்சு விடத்தான் வேண்டியிருக்கிறது.

அப்புறம் வானம். போலரைசரால் நீலம் அடர்வதும் அதே எலக்ட்ரான் குணத்தால்தான். காற்று மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களை வெயில் ஆட்டுகிறது. சூரியனுக்கு 90 பாகையில் உள்ள வானத்தைப் பார்த்தால் ஓர் அதிர்வு மட்டுமே மிஞ்சும். ஆள்காட்டி விரலைச் சூரியனுக்கு நேராக நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் வானமெல்லாம் கருக்கும். கானாடுகாத்தானில் கிழக்குப் பார்த்த மாளிகையைக் காலை வெயிலில் எடுக்கும்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வளையத்தை எவ்வளவு திருகினாலும் மாளிகைக்குப் பின்னால் உள்ள வானம் மாறாது. சித்திரை உச்சிவெயிலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதால் அந்த 90 பாகைப் பட்டை அடிவானத்தைச் சுற்றிப் படுத்துவிடும். எந்தத் திசையில் நின்றாலும் பலன் உண்டு, புழுக்கத்தால் காற்று மங்கியிராவிட்டால்.

பரந்த காட்சியை அடக்கும் அகல லென்ஸில் மட்டும் எச்சரிக்கை. வானத்தின் ஒரு பகுதி கருத்து, மறுபகுதி வெளிறிப் படம் திட்டுத்திட்டாகிவிடும். லடாக் போன்ற உயரங்களில் வானம் ஏற்கெனவே அடர்நீலம். அங்கே முழுதாகத் திருப்பினால் ஏறக்குறைய கறுப்பு. வானவில்லின் ஒளியும் தளவிளைவு பெற்றதுதான், ஒரு திருகில் அதுவும் மறைந்துவிடும்.

வாசகருக்கு: கடையில் சிபிஎல் (சர்க்குலர் போலரைசர்) என்று கேளுங்கள், கேமராவின் தானியங்கிக் குவியத்தைக் குழப்பாத வகை அது. வாங்கும் முன் சோதிக்க வேண்டுமென்றால் போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கைப்பேசி லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அந்தக் கூலிங் கிளாஸ் அசல்தானா என்பதை மடிக்கணினித் திரைக்கு எதிரே சுழற்றினால் தெரியும். ஏதோ ஒரு நிலையில் திரை இருண்டுவிட்டால் அசல்.