தாவுகிறாள் சரி, தையல் தாங்குமா?

"எங்கள் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. பழையபடி சோபாவில் தாவுகிறாள், தையலும் காய்ந்துவிட்டது. கழுத்துக் கோனைக் கழற்றலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வேண்டாம். நீங்கள் பார்ப்பது தோலை மட்டும்தான்.

கருப்பையையும் சினைப்பைகளையும் எடுக்க நடு வயிற்றைத் திறப்பார்கள். அங்கே இரு பக்கத் தசைகளும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை ஓடும். அதில் தசை கிடையாது, பெரும்பாலும் கொலாஜன் நார்தான். ரத்தக்குழாய்களும் குறைவு. அதனால் வெட்டும்போது ரத்தம் அதிகம் வராது, தையலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஆறுவது மெதுவாகத்தான்.

முதல் மூன்று நான்கு நாள் அங்கே துப்புரவு வேலைதான் நடக்கும். வெள்ளணுக்கள் கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கித் தீர்க்கும். அதுவரை வயிற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஏறக்குறைய நூல் மட்டுமே. அப்புறம் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வந்து கொலாஜன் சுரக்கும். முதலில் மெல்லிய மூன்றாம் வகை, தாறுமாறாகக் கிடக்கும். பிறகு வாரக்கணக்கில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, இழுவிசை வரும் திசையிலேயே உறுதியான முதல் வகையை அடுக்கும்.

இதற்குள் நூல் பலமிழக்கத் தொடங்கியிருக்கும்! உள்தையலுக்குப் பயன்படும் பாலிடயாக்சனோன் இழையின் மூலக்கூறுச் சங்கிலியை உடலிலுள்ள தண்ணீரே துண்டு துண்டாக அறுக்கிறது. நொதி எதுவும் தேவையில்லை. நான்கு வாரத்தில் பலம் ஏறத்தாழ பாதி, முழுதும் மறைய சுமார் ஆறு மாதம். நூல் விடவிட நார் பாரத்தை ஏற்கிறது. பொருளறிவியல் ஆய்வுக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த நூலைத்தான்.

நாய் துள்ளும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி நேராக இந்தப் பட்டையை இழுக்கும். ஆகவே பத்து முதல் பதினான்கு நாள் வரை மாடிப்படி, ஓட்டம், குளியல் எதுவும் கூடாது. வெளியே போவதென்றால் சங்கிலியோடுதான்.

"நாய் நக்கினாலே புண் ஆறும்" என்பார்கள். எச்சிலுக்குச் சில பாக்டீரியாக்களைக் கொல்லும் திறன் உண்டு, உண்மைதான். அதே வாயில் பாஸ்டுரெல்லா என்ற நோய்க்கிருமியும் குடியிருக்கிறது. முன்பற்களுக்குத் தையலை அறுக்க ஒரு நிமிடம் போதும். வாய் அங்கே எட்டாமல் தடுக்கத்தான் கழுத்தில் அந்தக் கோன். மஞ்சள் பூசும் வேலையும் வேண்டாம். உங்கள் ஐபுரூஃபன் மாத்திரை நாய்க்கு விஷம். வலி மருந்தைக் கால்நடை மருத்துவரே தரட்டும். தையலில் வீக்கம் கூடினாலோ, நீர் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ அன்றைக்கே அவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.