ரோடு ரேஜ்: தமிழில் என்ன சொல்வது?

"வழிவிடுவதில் தகராறு: வாலிபருக்குக் கத்திக்குத்து."

நாளிதழ் படிக்கிற யாருக்கும் பழகிப்போன தலைப்பு இது. செய்தியைப் படித்தால் ஒரு ஹாரன் சத்தம், ஒரு முறைப்பு, இரண்டு கெட்ட வார்த்தை, அப்புறம் ரத்தம். இதேபோல காவல் நிலையத்துக்கும் பழகிய வரி ஒன்று உண்டு: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". இந்திய தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவுக்கு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவுக்கு, முதல் தகவல் அறிக்கையில் எழுதும் தமிழ் இது. இதில் வேகம் இருக்கிறது, கவனக்குறைவு இருக்கிறது. கோபம் இல்லை. ஒருவரைத் துரத்திப்போய் அவர் முன்னால் வண்டியைக் குறுக்கே போட்டு மறிக்கிறவனை அஜாக்கிரதை என்று எப்படிச் சொல்வது? தெரிந்தேதான் செய்கிறான்.

இந்த இடைவெளியில்தான் ரோடு ரேஜ் என்ற ஆங்கிலச் சொல் நம்மிடம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1987ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், விரைவுச் சாலைகளில் ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் துப்பாக்கியால் சுட்ட சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. அந்த நகரின் கேடிஎல்ஏ தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் அந்தச் செய்திகளைச் சொல்லும்போது புழங்கவிட்ட சொல் இது என்பார்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதி இதன் முதல் பதிவாகத் தரும் ஆண்டு 1988.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவையானது. 'ரோடு' பழைய ஆங்கிலத்தில் பாதையைக் குறிக்கவில்லை. குதிரையேறிப் போவதைத்தான் குறித்தது. 'ரைடு' அதன் உடன்பிறப்பு. பாதை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அதற்கு வந்தது. 'ரேஜ்' பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். மூலம் 'ராபிஸ்', அதாவது 'ரேபிஸ்' என்று நாம் அஞ்சும் வெறிநாய்க்கடி நோயின் அதே பெயர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழுக்கு வரும்போது தேவைப்படும்.

அந்தச் சொல்லின் முதல் பதிவாக அகராதி தரும் அதே 1988ஆம் ஆண்டு, டிசம்பர் 27 அன்று, பஞ்சாபின் பாட்டியாலாவில் நடுச்சாலையில் நின்ற வண்டியை நகர்த்தச் சொன்னதில் வாய்ச்சண்டை வந்தது. தாக்கப்பட்ட 65 வயதுப் பெரியவர் இறந்துபோனார். வண்டியில் இருந்தவர் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து. வழக்கு பல நீதிமன்றங்களைத் தாண்டி, 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு ஓராண்டு கடுங்காவல் விதித்ததோடு முடிந்தது. செய்திகள் எல்லாம் இதை 'ரோடு ரேஜ் வழக்கு' என்றே எழுதின. ஆனால் நம் சட்டத்தில் அப்படித் தனியாக ஒரு குற்றம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதைச் சொல்லும். அடிதடிக்கும் கொலைக்கும் வேறு பிரிவுகள் உண்டு. கோபம் இந்த இரண்டுக்கும் நடுவில் பெயரில்லாமல் நிற்கிறது.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதில் ஒரு கோடு போட்டது. மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி ஒட்டி ஓட்டுவது, வெட்டி வெட்டிப் போவது எல்லாம் போக்குவரத்துக் குற்றம். வண்டியாலோ வேறு ஆயுதத்தாலோ ஆளைத் தாக்கினால் அது ரோடு ரேஜ், கிரிமினல் குற்றம். இந்தப் பிரிப்பு நியாயமானது. அதனால் தமிழிலும் நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

சரி, தமிழில் என்னென்ன இருக்கிறது?

'சாலைக் கோபம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிள்ளை சாப்பிடவில்லை என்றாலும் வருவது கோபம்தான்; வலு போதாது. 'சாலைச் சீற்றம்' கொஞ்சம் பரவியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழில் சீற்றம் மதிப்புள்ள சொல். அநியாயத்தைக் கண்டு பொங்கினால் அறச்சீற்றம். கடல் சீறும், இயற்கை சீறும். அங்கே யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஹெல்மெட்டைக் கழற்றி எதிரே நிற்பவர் மண்டையில் அடிப்பவனுக்கு இந்தக் கௌரவம் வேண்டாம். கூடவே, எழுதும்போது நடுவில் வரும் 'ச்' பாதிப் பேர் கையில் காணாமல் போகிறது.

அடுத்தது ஆத்திரம். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். 'ஆத்திர அவசரத்துக்கு உதவும்' என்கிறோம். 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்கிறோம். முதலாவதில் அது அவசரம், இரண்டாவதில் அவசரமும் கோபமும் கலந்தது. பதற்றமும் சினமும் ஒரே சொல்லில் இருப்பது தமிழுக்குக் கிடைத்த வசதி. வடமொழி 'ஆதுர'விலிருந்து வந்தது என்பார்கள். நோயுற்றவர், தவிப்பவர் என்று அதற்குப் பொருள். மருத்துவமனைக்கு ஆதுரசாலை என்ற பழைய பெயரும் அதனால்தான். (அங்கே 'சாலை' கூடம். பாடசாலை, தொழிற்சாலை என்பதிலும் அப்படியே. இருபக்கமும் மரம் நிற்கும் பாதைக்கும் அந்தப் பெயர் உண்டு.)

ஒரு மாலை, மழை விட்ட நேரம், வேளச்சேரி – தாம்பரம் சாலை. முழங்கால் வரை இல்லாவிட்டாலும் கணுக்காலைத் தாண்டித் தண்ணீர். எனக்கு முன்னால் ஊர்ந்த பைக்கின் கைப்பிடி பக்கத்துக் காரின் கண்ணாடியில் லேசாக இடித்தது. கண்ணாடி உடையவில்லை, மடங்கியது, அவ்வளவுதான். காரில் இருந்தவர் இறங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பைக் சாவியைப் பிடுங்கித் தண்ணீரில் வீசிவிட்டு ஏறிப் போய்விட்டார். பைக்கின் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி. அப்பா குனிந்து கலங்கல் தண்ணீரில் துழாவுகிறார். நானும் இன்னொருவரும் செல்போன் வெளிச்சம் காட்டினோம். சாவி கிடைக்கும்வரை அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. கார் எங்கேயும் போகவில்லை. இருபது அடி தள்ளி, அதே நெரிசலில், பிரேக் விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது.

சிக்னலில் இன்னும் மூன்று நொடி பாக்கி இருக்கும்போதே பின்னாலிருந்து ஹாரன் அடிப்பது, ஹை பீம் போட்டு விரட்டுவது, கட் அடிப்பது, ராங் சைடில் வந்து நம்மையே முறைப்பது: இவை எல்லாவற்றுக்கும் 'ஆத்திர ஓட்டம்' சரியாக வரும். முழுக்கப் பொறுப்பற்றவர்கள் மட்டும் செய்வதில்லை இது. அலுவலகத்துக்குத் தாமதமானவர், ஆர்டரை நேரத்துக்குக் கொண்டுபோக வேண்டிய டெலிவரி பையன், வீட்டில் காய்ச்சலில் குழந்தையை விட்டு வந்தவர் என்று எல்லோரும் செய்கிறோம்.

சாவியை வீசியது ஆத்திரத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு வெறி என்ற சொல்தான் பொருந்தும்.

வெறி பழைய சொல். சங்கப் பாடல்களில் முருகு ஏறி, வேலன் எனப்படும் முருகன் பூசாரி ஆடுவது வெறியாட்டு. தன்வசம் இழந்த நிலை என்பது அப்போதே அதில் இருந்திருக்கிறது. ராபிஸ் எப்படி நோய்க்கும் மூர்க்கத்துக்கும் பெயரானதோ, அப்படியே நம்மிடம் வெறிநாயும் கொலைவெறியும். இரண்டு மொழிகளும் தனித்தனியாக நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

அதனால் ரோடு ரேஜுக்கு நான் சொல்வது 'சாலைவெறி'. இரண்டு ஆட்சேபம் வரும். பணவெறி என்றால் பணத்தின் மேல் வெறி, அப்படியானால் சாலைவெறி சாலையின் மேல் வெறியா என்று கேட்கலாம். குடிவெறியைப் பாருங்கள். குடியால் ஏறும் வெறி அது. சாலையால் ஏறுவது சாலைவெறி. பொருத்தமும் கூட, இறங்கிய பிறகு 'நானா அப்படிச் செய்தேன்' என்று கேட்பதிலும் இரண்டும் ஒன்றுதான். இன்னொன்று, வெறி என்றால் அவனைப் பைத்தியம் என்று தப்பவிடுகிறோமே என்பது. சாதிவெறி, மதவெறி என்று சொல்லும்போது நாம் யாரையும் தப்பவிடுவதில்லை. இளைஞர்கள் பிடித்ததையெல்லாம் 'வெறித்தனம்' என்று பாராட்டுவது மட்டும் எனக்குக் கொஞ்சம் கவலை. ஆனாலும் கூட்டுச்சொல்லில் அந்தப் பாராட்டு ஒட்டாது என்றே நினைக்கிறேன்.

'சாலை'க்குப் பதில் 'நெறி' போடலாமா என்றும் யோசித்தேன். பாதைக்கும் ஒழுக்கத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் இன்று யாரும் நெறியில் வண்டி ஓட்டுவதில்லை, நெரிசலில்தான் ஓட்டுகிறார்கள். றகரமும் ரகரமும் வேறு. சாலையே இருக்கட்டும்.

சென்னையில் வண்டிக்குக் குறுக்கே பாய்கிறவரைப் பார்த்து முன்பெல்லாம் கத்துவார்கள்: "சாவுகிராக்கி! வீட்ல சொல்லிட்டு வந்தியா?" கிராக்கி என்றால் ஆட்டோக்காரர் பேச்சில் சவாரிக்கு வரும் ஆள். சாவு கிராக்கி, சாவுக்குச் சவாரி வந்தவன். திட்டுதான், கடுமையான திட்டு. ஆனால் அதற்குள் எதிரே நிற்பவனுக்கு ஒரு வீடு இருக்கிறது, அங்கே அவனுக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்பதும் இருந்தது. கத்திவிட்டு வண்டியை எடுத்துப் போவார்கள். அதை ஆத்திரத்தில் சேர்க்கலாம், வெறியில் சேர்க்க முடியாது.

இனி அந்தத் தலைப்பை இப்படி எழுதலாம்: "சாலைவெறி: வழிவிடாத வாலிபரைத் துரத்திக் குத்திய கார் ஓட்டுநர் கைது." தகராறு என்றால் இரண்டு பேர் பங்கு. இதில் குத்தியவர் ஒருவர்தான்.